ஹேல்ஸ்டனின் தமிழ்க்குரல்

பிப்ரவரி 8, சனி
காலையில் உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்தேன். சென்னை டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து சக்கரவர்த்தி போன். எட்வின் ஹேல்ஸ்டனின் புதுப்படம் தமிழுக்கு வருகிறதாம்.
"குரல் எப்படி இருக்கு சர்தார் சார்?"
"ஜம்முனு இருக்கு."
பொய். மைக் முன்னால் நின்று மூன்று வருடமாகிறது. எழுபத்து மூன்று வயதில், நாலு வரி சேர்ந்தாற்போல் படித்தாலே குரல் நடுங்குகிறது. ஆனால் அந்த இங்கிலாந்து நடிகருக்கு இருபத்திரண்டு படங்களில் தமிழ் பேசியவன் நான். இன்னொருத்தனுக்கு விடுவேனா?

பிப்ரவரி 9, ஞாயிறு
ஹேல்ஸ்டன் போய்விட்டார். எண்பத்தெட்டு வயது. டிவியில்தான் பார்த்தேன். ஒருநாளும் நேரில் சந்தித்ததில்லை, அவருக்கு என் பேர்கூடத் தெரியாது. எனக்கோ அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், கோபம் வந்தால் எந்த வார்த்தையை முழுங்குவார், எல்லாம் அத்துப்படி. கூடப் பிறந்தவர்களைப் பற்றி அவ்வளவு தெரியாது.

பிப்ரவரி 10, திங்கள்
தெருவே துக்கம் விசாரிக்க வந்துவிட்டது! எதிர்வீட்டு வெள்ளையம்மாள் காபியோடு வந்து, "உங்க வெள்ளைக்காரரு பூட்டாராமே பாய், எதுனா சாப்டீங்களா?" என்றாள். நாற்காலி போட்டே என் மனைவி மெஹ்ருன்னிசா களைத்துப்போனாள். ஒளிப்பானேன், எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். பேனர் அடிக்கும் பலராமன், "அவருக்கு ஒரு பேனர் வெக்கிறேன் பாய்" என்றான். தலையாட்டினேன்.

பிப்ரவரி 12, புதன், பௌர்ணமி
படுபாவி! கிரிவலப் பாதையில் கட்டியிருக்கிறான். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே ஆளுயரத்துக்கு என் படம். ஹேல்ஸ்டன் மூலையில், தபால்தலை அளவில்.
"அவரு போட்டோவ பெருசாக்குனா கட்டம் கட்டமா வருது பாய். உங்களுதுதான் க்ளியரா இருந்துச்சு."
ஊர்ஜனமெல்லாம் மலையைச் சுற்றும் நாளாகப் பார்த்துச் செய்தான். மச்சான் சைஃபுல்லா ஆரணியிலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்தான். கதவைத் திறந்தது நான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. மெஹ்ருன்னிசா சிரிக்கவில்லை. "அத மொதல்ல கழட்டச் சொல்லுங்க" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி
கிரிவலம் வந்த யாரோ பேனரைப் படமெடுத்து ஸ்டுடியோவுக்கு அனுப்ப, என் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆத்திரத்தில் போன் போட்டேன்.
"சக்கரவர்த்தி, சர்தார் பேசுறேன்."
போன் கீழே விழுந்து உருளும் சத்தம். பிறகு, "யாருங்க வெளையாடுறது?"
ஹேல்ஸ்டன் நீதிபதியாக நடித்தபோது நான் பேசிய தீர்ப்பை அப்படியே முழங்கினேன். பாதியில் குரல் நடுங்கியது. நிறுத்தவில்லை, முடித்தேன்.
"சார்! நீங்களேதான்! ... ஆனா குரல் நடுங்குதே சார்?"
"ஆமா, நடுங்குது. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."
பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். அப்புறம் சொன்னார்: "இந்தப் படத்துல அவருக்கும் நடுங்குது சார். புதுப் பையனுக்கு அது வரவே மாட்டேங்குது. பஸ் ஏறி வந்துடுங்க."

பிப்ரவரி 24, திங்கள்
முடித்துவிட்டேன். கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. நாற்காலியில் சாய்ந்து நீளமாகக் கடைசி மூச்சை விடுகிறார், அவ்வளவுதான். அதை நான் விட்டேன். ஒரே டேக்கில் ஓகே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சக்கரவர்த்தி எழுந்து நின்றார். போய் வாங்க சார் என்று திரையைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன். வெளியே வந்து இரண்டு டீ குடித்தேன்.

பிப்ரவரி 25
நல்ல தூக்கம்.

ஜூன் 15, ஞாயிறு
டிவியில் படம். வெள்ளையம்மாள் வீட்டார், பலராமன், எல்லோரும் எங்கள் கூடத்தில். கடைசிக் காட்சி வந்ததும் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மெஹ்ருன்னிசா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு நின்றதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.
"இனிமே யாருக்காகவும் இப்டி மூச்சு வுடாதீங்க."
சரி என்றேன். விளம்பரம் முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.