நின்றவர்களை எண்ணிய கூட்டம்

2009 ஒக்டோபர் 11, ஞாயிறு. நாவற்குடா.

மழை இன்னும் தொடங்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது. பின்னேரம் இப்றாஹிம் வந்தார். ஓட்டமாவடியில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர் பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பற்றி நான் கேலி செய்தேன். “யாவாரி சரக்குல ஏறக்கூடாது சேர்” என்றார்.

அவர் சித்திரைதோறும் நடத்தும் சைக்கிளோட்டத்துக்கு ‘வாவிச் சுற்று’ என்று பெயர். அது ஒரு நாளும் வாவியைச் சுற்றியதில்லை. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை வழியே பட்டிருப்புப் பாலம் வரை சென்று, வந்த வழியே திரும்பும். பாலத்துக்கு அப்பால் மேற்கே படுவான்கரை. யுத்தகாலத்தில் அங்கே புலிகளின் ஆட்சி இருந்தது. இப்போது யுத்தம் முடிந்து ஐந்து மாதம். பாலத்தைக் கடந்து, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு வழியாக மட்டக்களப்புப் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தால் பெயர் உண்மையாகிவிடும். அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். பொலிஸ் அனுமதிக்கு மாவட்டச் சைக்கிளோட்டச் சங்கத் தலைவரின் கையொப்பம் வேண்டும்.

தலைவர் கோணாமலை கையொப்பமிட மறுத்துவிட்டார். படுவான்கரைப் பாதை சரியில்லையாம். அந்தப் பாதையில் அவர் போனதில்லை. பதினெட்டு வருடமாகத் தலைவராக இருக்கிறார். ஓர் ஓட்டமேனும் நடத்தியதில்லை.

டிசெம்பரில் தேர்தல். நீங்களே தலைமைக்குப் போட்டியிடுங்கள், நாவற்குடாக் கழகத்தின் பிரதிநிதியாக நான் முன்மொழிகிறேன் என்றேன். இப்றாஹிம் வெகுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“நான் ஓட்டமாவடி ஆள் சேர். மட்டக்களப்பு ஆக்கள்…”

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க நானும் உதவவில்லை. போகும்போது சரி என்றார்.

எனக்கு உற்சாகம் என்று ஒன்றும் இல்லை. எது முறை என்பது மட்டும் தெரிகிறது. ஐந்து வருடமாக அது போதுமானதாக இருக்கிறது.

ஒக்டோபர் 14, புதன்.

மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்தேன்.

நவெம்பர் 7, சனி.

வழிமொழிய தனுஷா சம்மதித்திருக்கிறார். விளையாட்டு ஆசிரியை, பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிளோட்டம் பழக்குபவர். இருவருமாக இன்று பட்டினத்துக் கழகங்கள் சிலவற்றுக்குப் போனோம். எல்லா இடத்திலும் தேநீர் தந்தார்கள். எல்லா இடத்திலும் இப்றாஹிமைப் புகழ்ந்தார்கள்.

கடைசியாகப் போன வீட்டில், அந்தக் கழகத்தின் செயலாளர் ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்: “ஆள் நல்ல ஆள்தான் சேர். ஓட்டமும் திறமா வைப்பார். ஆனா இது எங்கட சங்கம்தானே.”

சுனாமியில் கடல் வந்த மறுநாள் கல்லடிப் பக்கம் வாகனம் போக வழியில்லாமல் கிடந்தபோது, ஓட்டமாவடியிலிருந்து சைக்கிள் கரியர்களில் அரிசியும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் யாருடைய சங்கம் என்று கேட்டேன். அவர் இன்னொரு தேநீர் ஊற்றினார். அன்று அவர்கள் எதை ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். திரும்பும்போது பலகை கட்டி எதைக் கொண்டுபோனார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு பலகையில் என் மனைவி இருந்தாள். அதை நான் எழுதுவதில்லை.

தெருவுக்கு வந்ததும் தனுஷா கேட்டார்: “எங்கட எண்டு சொல்லக்குள்ள உங்களையும் சேத்தா சொன்னவர், சேர்?”

டிசெம்பர் 20, ஞாயிறு.

கூட்டத்தில் ஏன் கையுயர்த்தி வாக்களிப்பதில்லை என்று தனுஷா கேட்டார். அவருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பிறகு, மண்டபத்தில் கூடியிருக்கும் ஆண்களிடம் கையை உயர்த்துங்கள் என்று சொல்ல எந்தச் சங்கத் தலைவருக்கும் நா எழவில்லை. ஒரு கூட்டத்தில் யாரோ பழக்கதோஷத்தில் சொல்லிவிட, பாதிப்பேர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்களாம். அன்றுமுதல் எங்கள் சங்கத்தில் ஏற்போர் எழுந்து நிற்பார்கள், ஏற்காதோர் கதிரையில் இருப்பார்கள். நாகரிகமான ஏற்பாடு என்று அவரிடம் சொன்னேன்.

கணக்குப் பார்த்தோம். சிறிய வித்தியாசத்தில் வெல்லலாம்.

டிசெம்பர் 26, சனி.

கடல் வந்து ஐந்து வருடம். கல்லடிக்குப் போகவில்லை. நாளை கூட்டம்.

டிசெம்பர் 27, ஞாயிறு.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. கழகங்களின் பிரதிநிதிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். இப்றாஹிம் வெள்ளைச் சேட்டும் புதுச் செருப்பும் அணிந்து பின்வரிசையில் இருந்தார். கோணாமலை எழுந்து, கடலிலும் யுத்தத்திலும் மாண்ட அனைவருக்குமாக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்றார். எழுந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

மௌனம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதே மெல்லிய குரலில், தலையைக் குனிந்தபடியே, ஏதோ பிரார்த்தனையின் தொடர்ச்சிபோல, கோணாமலை தாளைப் பார்த்து வாசித்தார்: நடப்பு நிருவாகசபை மேலும் இரு வருடங்களுக்குத் தொடர்வதை ஏற்போர் எழுந்து நிற்க.

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

“ஏகமனதாக. நன்றி. இருங்க.”

இருந்தோம். நானும் இருந்தேன்! ‘இருங்க’ என்ற சொல்லுக்கு என் முழங்கால்கள் மடங்கின. என்ன நடந்தது என்பது கதிரையில் இருந்த பிறகுதான் விளங்கியது. இப்றாஹிமும் நின்றிருந்தார். அதாவது இப்றாஹிமும் கோணாமலைக்கே வாக்களித்திருக்கிறார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எழுந்தேன். நாங்கள் நின்றது வாக்குக்காக அல்ல, அஞ்சலிக்காக என்றேன். கோணாமலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப இருந்திருக்கலாமே, நல்லரத்தினம். ஆர் உங்கள மறிச்ச?”

தனுஷா ஏதோ சொல்லத் தொடங்கினார். பலகாரத் தட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றது. கூட்டம் முடிந்துவிட்டது.

டிசெம்பர் 28, திங்கள்.

இருந்திருக்கலாமே! எப்படியடா இருக்கிற? செத்த சனத்துக்கு எழும்பு எண்டு சொன்னா, எழும்பாம இருக்கிறவன் ஆரு? அதைத்தானே கணக்குப் போட்டு வச்சிருக்கான். எங்களுக்கு எழும்பத் தெரியும் எண்டு அவனுக்குத் தெரியும். இருபது வருசமா எழும்பி எழும்பித்தானே…

பேனையை வைத்துவிட்டு முகம் கழுவி வந்தேன்.

இதை வாக்குத் திருட்டு என்று சொன்னால் போதாது. திருடுபவன் பொருளுக்கு ஒரு மதிப்பு இருப்பதாக நினைக்கிறான்.

2010 ஜனவரி 9, சனி.

ஓட்டமாவடி. மூன்றிலொரு பங்கு கழகங்கள் எழுத்தில் கேட்டால் விசேட பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும் என்பது சங்க யாப்பின் விதி. நான் கையொப்பம் சேர்க்கலாம். வேட்பாளர் இணங்கினால் போதும்.

இப்றாஹிம் இணங்கவில்லை. கடையில் சில்லு ஒன்றைச் சுழலவிட்டுக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்வதை எல்லாம் கேட்டார்.

“எனக்கெதிரா நானே எழும்பிட்டன் சேர். இனி ஆரிட்டப் போய் முறையிடுற?”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சில்லைக் கையால் நிறுத்தினார்.

“உடுங்க சேர். கையெழுத்து இல்லாட்டியும் புள்ளைகள் ஓடுவாங்க. றோட்டு ஆருக்கும் சொந்தமில்ல.”

அவருடைய மனைவி ஸாலிஹா உள்ளிருந்து சோறு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. வழி முழுக்க வயலில் வெள்ளம்.

ஏப்ரல் 18, ஞாயிறு.

றோட்டு யாருக்குச் சொந்தம் என்பது இன்று தெரிந்தது.

காலையில் கல்லடிப் பாலத்தடியில் ஓட்டம் தொடங்கியது. நான் மோட்டார்சைக்கிளொன்றின் பின்னிருக்கையில் போனேன். காத்தான்குடியில் சனம் குளிர்பானம் கொடுத்தது, களுவாஞ்சிக்குடியில் கைதட்டியது. பட்டிருப்புப் பாலத்தின் வாயில் பொலிஸ் ஜீப் குறுக்கே நின்றது. சங்கத் தலைவர் முதல்நாளே எழுத்தில் அறிவித்திருக்கிறார்: இந்த ஓட்டம் சங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டதல்ல. பொறுப்பதிகாரி மரியாதையானவர். தனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை, கையொப்பம் இருந்தால் இப்போதே விடுவதாக உடைந்த தமிழில் சொன்னார்.

வீரர்கள் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, பாலத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடுப்பு இல்லை, மண்மூட்டை இல்லை, வெறும் பாலம். பிறகு சைக்கிள்களைத் திருப்பினார்கள். யுத்தகாலத்திலும் இதே இடத்தில்தான் திரும்பினார்கள். அப்போது திருப்பியவர்களிடம் துவக்கு இருந்தது.

இப்றாஹிம் பாலத்துச் சுவரில் இருந்தார். புதுச் செருப்பில் ஒன்றின் வார் அறுந்திருந்தது.

“சேர்” என்றார். “அந்தக் கையெழுத்துகளச் சேருங்க.”

மே 2, ஞாயிறு.

கையொப்பங்கள் சேர்ந்துவிட்டன. தேநீர் ஊற்றிய ‘எங்கட’க்காரரும் இட்டார். பாலத்தில் திரும்பியவர்களில் அவருடைய மருமகனும் ஒருவனாம். காரணம் எதுவானாலும் மை ஒன்றுதான்.

ஜூன் 20, ஞாயிறு.

விசேட பொதுக்கூட்டம். யாப்பின்படி நடப்புத் தலைவரே தலைமை தாங்குவார். கோணாமலை மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். யுத்தம் முடிந்து ஒரு வருடம் நிறைந்ததை முன்னிட்டு, கடலில் மாண்டவர்களையும் சேர்த்து, இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்றார்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் இருந்தேன்.

இதைத் திட்டமிட்டிருந்தேன் என்று சொல்வது பொய். நேற்றிரவு யாப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது; கால்கள் எழவில்லை. அவ்வளவுதான். என்னைச் சுற்றி இடுப்புகளும் பெல்ட்டுகளும். மௌனம் மௌனமாக இல்லை. யாரோ ‘சேர், சேர்’ என்று கிசுகிசுத்தார்கள். ஐம்பத்தாறு வயதில், செத்தவர்களுக்கு எழுந்து நிற்காத மனிதனாக ஒரு மண்டபத்தில் இருப்பது எப்படி என்று தெரிந்துகொண்டேன்.

கோணாமலை குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே வருத்தப்பட்டவர்போல் இருந்தது.

“எழும்புங்க, நல்லரத்தினம். உங்கட மனிசிக்கும் சேத்துத்தானே நிக்கிறம்.”

“போன முறை அவவுக்காகத்தான் நிண்டன். நீங்க அத உங்கட பேருக்கு எழுதினீங்க.”

உரத்துச் சொல்லவில்லை. ஆனால் அஞ்சலி நேரமாதலால் எல்லாருக்கும் கேட்டது.

முதலில் தனுஷா இருந்தார். அவருடைய தமையன் எண்பத்தேழில் காணாமற்போனவர். தமையனுக்காகத்தான் அவர் நின்றிருப்பார். பிறகு எனக்குப் பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. எழுந்தபோது ஒரே சத்தமாக எழுந்தவர்கள், ஒவ்வொருவராக இருந்தார்கள். கடைசியில் நின்றவர்கள் கோணாமலையும் அவருடைய செயலாளரும் இப்றாஹிமும் மட்டுமே. இப்றாஹிம் கடைசிவரை நின்றார். இரண்டு நிமிடமும் நின்று, முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டு, பிறகு இருந்தார். அது அவருடைய விடயம்.

அதற்குப் பிறகு பிரேரணையை முறைப்படி வாசிப்பதைத் தவிர கோணாமலைக்கு வழி இருக்கவில்லை. இப்றாஹிமை ஏற்போர் எழுந்தார்கள். செயலாளர் இரண்டு தரம் எண்ணினார். இரண்டு தரமும் ஒரே எண்ணிக்கை. நான்கு வாக்கு வித்தியாசம்.

வெளியே வந்ததும் இப்றாஹிம் என் கையைப் பிடித்தார். எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். வெயில் கடுமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன்.

ஒக்டோபர் 3, ஞாயிறு.

சுற்று முடிந்தது. கல்லடியில் தொடங்கி, பட்டிருப்பால் போய், வவுணதீவால் வந்தது. பட்டினத்துக்குத் திரும்பும் வலையிறவுப் பாலத்தில் முதல் சைக்கிள் தெரிந்தபோது இப்றாஹிம் விசிலை ஊத மறந்துவிட்டார்.

டிசெம்பர் 19, ஞாயிறு.

வருடாந்தப் பொதுக்கூட்டம். மழை விடவில்லை, மண்டபத்து வாசலெங்கும் குடைகள்.

புதிய தலைவர் எழுந்ததும் வழக்கப்படி எல்லாரும் எழத் தொடங்கினோம். இப்றாஹிம் கையமர்த்தினார்.

“இரிங்க, இரிங்க. முதல்ல சங்கத்து வேல. அது கடைசில.”

முன்வரிசையில் கோணாமலையும் பாதி எழுந்திருந்தார். அவரும் இருந்தார்.

அறிக்கைகள் வாசித்தார்கள். பெண்களுக்கான சுற்றோட்டம் பற்றித் தனுஷா ஒரு பிரேரணை கொண்டுவந்தார். சிலர் எழுந்தார்கள், சிலர் இருந்தார்கள், நிறைவேறியது. கூட்டக் குறிப்பை மூடி, பேனையை மேலே வைத்து, கூட்டம் முடிந்தது என்று இப்றாஹிம் அறிவித்தார். அதற்குப் பிறகுதான் மௌன அஞ்சலி என்றார்.

எழுந்தேன். யாரும் யாரையும் எண்ணவில்லை.

அந்த நாட்களில் மழையில் நனைந்த சைக்கிளை நான் நடுவீட்டுக்குள் உருட்டி வரும்போது புவனமலர் ஏசுவது காதில் கேட்டது. “இதென்ன, வீடா, மீன் வாடியா?” என்பாள். துணியை எறிவாள். எறிந்துவிட்டு அவளே துடைப்பாள்.

இரண்டு நிமிடம் போதவில்லை. எல்லாரும் இருந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். யாரும் ‘இருங்க’ என்று சொல்லவில்லை.