கை நீட்டிய வீடு

ஜூன் 11, 2019
பேத்தி பவானி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். அவள் அங்கே டீச்சர். மேலிடத்து உத்தரவாம். யாரையும் இனம், மதம் சொல்லிக் கேவலமாகக் கூப்பிடக்கூடாது. பெற்றோரைக் கூட்டி அதைச் சொல்லவேண்டும். நடந்ததை எழுதி அனுப்பவேண்டும்.

அறுபது வருஷத்துக்கு மேல் தாமதம். மூன்றாம் வகுப்பில் என்னை "ஏய் கலா" என்று பின்வரிசைக்கு விரட்டினாள் டீச்சர் டோ தின் தின். இந்தியாக்காரர்களை இங்கே பர்மாவில் மட்டமாகச் சொல்கிற பேச்சு அது. அதோடு என் படிப்பு போச்சு. அவள் செத்து முப்பது வருஷம். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜூன் 13
பெரிய டீச்சரே வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் பேசவேண்டுமாம். "அப்வா" என்றாள், பாட்டி என்று மரியாதையாக. "பழைய கதையைச் சொல்லுங்க. இப்போ நம்ம வார்டில் அப்படி ஒன்றும் இல்லைன்னும் சொல்லிடுங்க." எனக்குக் குஷிதான். என் கையில் யார் இதுவரை மைக் கொடுத்தார்கள்?

ஜூன் 14
அடுத்த வீட்டு முகைதீன் தன் பேத்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறான். வகுப்பில் எல்லாரும் அவளை "கலா" என்கிறார்களாம், பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். உத்தரவு வந்திருக்கிறது, இனி நடக்காது என்று பவானி அவன் வீட்டுக்கே போய்க் கெஞ்சியிருக்கிறாள்.

"தாளா? உங்க ஆயா எங்க வீட்டைக் கை காட்டினப்போ எந்தத் தாளும்மா தடுத்துச்சு? அவங்கதானே கூட்டத்துல பேசப்போறாங்க? நல்லாப் பேசச் சொல்லு" என்றானாம் அவன்.

"என்ன ஆயா அது?" என்று பவானி வந்து என்னிடம் கேட்டாள்.

"சோறு குழையுது, போய்ப் பாரு" என்றேன்.

ஜூன் 15
எழுதிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, வெளியூரில் முஸ்லிம் வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று சேதி வந்த வாரம். எங்கள் தெருவில் நம்மவர்கள் எல்லாரும் கதவில் முருகன் படம் ஒட்டினோம். பெரிசாகக் குங்குமம் வைத்தோம். வருகிறவனுக்கு இந்து வீடென்று தெரியட்டும் என்று. அடுத்த வீட்டு முகைதீன் கதவு மட்டும் வெறுமையா நின்னுச்சு. நாம ஒட்டினதாலதானே அது தனியாத் தெரிஞ்சது? அப்போ தோணல.

கம்போடு நாலு பேர் வந்தார்கள். "நீயும் கலாதானே, கிழவி?" என்றான் ஒருவன்.

"நான் ஹிந்து. கலா அங்கே" – கையை நீட்டினேன்.

படத்தக் காட்டிட்டு நின்னிருக்கலாமே. ஏன்டி நீட்டின, கனகாம்பா? உன்னைச் சுட்ட பேச்சை எடுத்து அவன் தலையில ஏன்டி போட்ட?

கல்லடியில் அவன் பெண்சாதிக்கு நெற்றி கிழிந்தது. மறுநாளிலிருந்து அவன் என் முகம் பார்ப்பதில்லை. திமிர் பிடித்தவன் என்று நான்தான் தெருவெல்லாம் சொல்லிவந்தேன்.

ஜூன் 16
டோ தின் தின் கதையைப் பர்மியில் சொன்னேன். கைதட்டினார்கள். பிறகு "இப்போ அப்படி இல்லை" என்று சொல்லும் இடம் வந்தது. முகைதீன் கடைசி பெஞ்சில். பேத்தியின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுக்க வந்தவன், கூட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

சொல்லிவிட்டேன். படம் ஒட்டியது, நாலு பேர் வந்தது, நான் காட்டியது, எல்லாம். ஒரு கை தட்டவில்லை. பெரிய டீச்சர் மைக்கைப் பிடுங்க வந்தாள்.

முகைதீன் எழுந்து தமிழில் சொன்னான்: "ஆறு பேரு, அக்கா. ரெண்டு பேரு பின்பக்கமா ஏறி வந்தாங்க. உங்களுக்குத் தெரியாது."

உட்கார்ந்துவிட்டான். எதையும் மறக்காதவள் என்று பேரெடுத்தவள் நான். அந்த இரண்டு பேரை நான் பார்க்கவே இல்லை.

ஜூன் 17
"இந்த வார்டில் குறை எதுவும் இல்லை" என்று பெரிய டீச்சர் அறிக்கை எழுதியிருக்கிறாள். பவானி அதில் கையெழுத்துப் போடவில்லை. அவளுக்கு மாற்றல் வந்தாலும் வரும். பெரிய டீச்சரை நான் மன்னிப்பதாக இல்லை.

ஜூன் 18
முழங்கால் வலி. முகைதீன் வீட்டுக்கதவு சாத்தியே இருக்கிறது.

ஜூன் 20
காலையில் வாசலில் நின்றேன். முகைதீன், பள்ளிப் பை மாட்டிய பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் செத்தாலும் பார்க்கமாட்டேன்.

அந்தப் பெண்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "இவங்கதானா தாத்தா?"

"ம். இவங்கதான்."

நிற்காமல் நடந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பக்கமாக.