கம்பளியின் வாடை

ஜூலை, செவ்வாய் இரவு.

நான் நர்ஸாக இருக்கும் ஐ.சி.யு.வில் மூன்றாம் கட்டிலில் கிடக்கும் தோட்டத் தொழிலாளி செல்லையாவின் நுரையீரலில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று இன்று கொழும்பிலிருந்து ரிப்போர்ட் வந்தது. மருந்தும் அங்கிருந்துதான் வர வேண்டும். அதுவரை தாங்குவாரா என்று டொக்டர் சொல்லவில்லை.

கட்டிலருகே குனிந்த டொக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "இந்தக் கம்பளியில பூஞ்சண வாடை அடிக்குது. யாரு இத உள்ள விட்டது?"

நான் வாய் திறக்கவில்லை. செல்லையாவின் கால் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று ஐந்து நாளைக்கு முன் அவர் மனைவியிடம் வாங்கி, நான்தான் போர்த்திவிட்டேன். வார்டுச் சுவரிலும் ஈரக்கறை இருக்கிறது. பூஞ்சணம் எதிலிருந்து வந்ததென்று யாருக்குத் தெரியும்? ஆனாலும்.

கம்பளியைச் சுருட்டி வெளியே கொண்டுபோய் செல்லையாவின் மனைவியிடம் கொடுத்தேன்.

"அவருக்குக் குளிருமே, மிஸ்."

"பூஞ்சண வாடை அடிக்குதாம்க்கா. டொக்டர் வேணாங்கிறாரு."

அவர் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். "வாடை ஒன்னும் இல்லீங்களே. எங்க வீட்டு வாசந்தான்."

நானும் வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் அதே வாடையில் தூங்கி வளர்ந்தவள் நான்.