சைரனுக்குத் தனி நிரல்

புதன்கிழமை, இரவு.

காலையில் பேராதனையில் எங்கள் அலுவலகத்தில் ரிஸ்வான் மண்சரிவு எச்சரிக்கைக் கணினி நிரலைச் சோதித்தபோது, மலைத் தேயிலைத் தோட்டத்தில் உண்மையான சைரனே அடித்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் கோயிலுக்கு ஓடியிருக்கிறார்கள். என் அத்தையும் ஓடியிருக்கிறார்.

சோதனைக்கும் நிஜத்துக்கும் ஒரே நிரலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். எந்தெந்த நிரல்களை உருவாக்க வேண்டும் என்று சொல்லும் பில்ட் கோப்பில் ஒன்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. அதை இரண்டாக எழுதினேன். மழையைக் கணக்கிடும் பகுதி இரண்டுக்கும் பொது. சைரனை அடிக்கும் பகுதியை நிஜ நிரலில் மட்டும் சேர்த்தேன்.

"சோதனைண்டா அடிக்காதேண்டு ஒரு வரி போட்டா போதாதா, மாலா?" என்று ரிஸ்வான் கேட்டான்.

"அந்த வரிய யாராச்சும் மாத்திட்டா? சோதனை நிரலுக்குச் சைரன்னு ஒன்னு இருக்கிறதே தெரியக்கூடாது."

அத்தையைப் போனில் வைத்துக்கொண்டு சோதனை நிரலை ஓட்டினோம். "சத்தமே இல்லம்மா" என்றார். பிறகு லயத்தில் எல்லோருக்கும் சொல்லச் சொல்லிவிட்டு நிஜ நிரலை ஓட்டினோம். போனிலேயே சைரன் அலறியது. ரிஸ்வான் என் மேசையில் தட்டிச் சிரித்தான்.

அத்தை சிரிக்கவில்லை. "இனி இது அடிச்சா ஓடணுமா, இல்ல நீங்க சோதிக்கிறீங்கன்னு படுத்துக்கணுமா?"

"ஓடுங்க அத்த. இனி அடிச்சா நெசந்தான்."

யோசிக்காமல் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நிரலில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தை "சரி" என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான், அடுத்த முறை அடித்தால் அவர் ஓடுவாரா என்று யோசிக்க வைக்கிறது.