டீக்கடைக் கூரையில் என் தோட்டம்

ஜனவரி 5, திங்கள்

கடும் பனி. ஒன்பது மணிக்குத்தான் வெயில்.

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். என் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்தை, காப்பி வாங்கும் கம்பெனிக்காரர்கள் பாப்பச்சன் டீக்கடையின் தகரக் கூரைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெரிந்தது நேற்று. ஞாயிறு மகள் மலர் கூப்பிடும் நாள். ஜெர்மனியில் நர்ஸ் வேலை, போய் ஆறு வருஷம். என் மனைவி செல்லம்மாதான் போனை எடுப்பாள், ஒரு மணி நேரம் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். நேற்று மலர் என்னிடம் பேச வேண்டும் என்றாள்.

"அப்பா, இங்க கடையில நம்ம கம்பெனி காப்பி வந்திருக்கு. பாக்கெட்டுல ஒரு கட்டம் போட்டிருக்கு. போனக் காட்டுனா யாரு தோட்டத்துல வெளஞ்சதுன்னு வருது. பதினேழு பேரு. உங்க பேரும் இருக்கு."

"தோட்டம் தெரியுதா?"

"இல்லப்பா. தொட்டுப் பாத்தேன். ஒரு தகரக் கூரை வருது. பக்கத்துல ரோடு, பஸ் நிக்குது."

பஸ் நிற்பது பாப்பச்சன் கடை வாசலில். இந்தப் பக்கம் வேறு எங்கும் நிற்காது.

ஆறு வருஷம் கழித்து வீட்டைப் பார்க்க நினைத்துத் தொட்டிருக்கிறாள். கிடைத்தது டீக்கடை.

என் இடம் எது என்று அடுத்தவன் எழுதுவது இது இரண்டாம் முறை. இலங்கைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து கப்பல் இறங்கியபோது ஒரு குமாஸ்தா 'சொந்த ஊர்' என்ற இடத்தில் நான் கண்ணால் பார்த்திராத ஊரை எழுதினார். அப்போது வயது பத்து. சும்மா நின்றேன். இப்போது அறுபத்து மூன்று.

களத்தில் காயும் காப்பியைக் கிளறியது: காலை இரண்டு தடவை, மாலை ஒரு தடவை. குரங்கு வந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

பனி. வலது முட்டியில் வலி.

கடைக்குப் போனேன். பாப்பச்சன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே தன் மலையாளத் தமிழில் சொன்னது:

"கழிஞ்ச மழையில வந்ததாணு அண்ணே, அந்தப் பிரதீப் சார். அட்டை கடிக்கும்னு பேடி. கடைய விட்டு எறங்கல. இவிடே இருந்து பரோட்டா தின்னு, ஒவ்வொருத்தரையும் விளிச்சு, பேரு கேட்டு, போன்ல ஒரு குத்து."

"பதினேழு பேருக்கும் இங்கயே குத்தா?"

"பதினேழும் இவிடத்தன்னே. அப்போ ஞான்தானே பெரிய எஸ்டேட் முதலாளி. உங்க காப்பி மொத்தம் என் கூரையிலயாக்கும் வெளையுது."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் ஞாபகம் இருக்கிறது, நானும் அன்று வரிசையில் நின்றேன். பேர் பதிகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிரதீப் கம்பெனியின் களப்பணி ஆள், கோயமுத்தூர்ப் பக்கம். போன் போட்டேன்.

"ஏனுங்க ஐயா, அதுல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. கம்ப்யூட்டர்ல உங்களுக்குப் பச்சை காட்டுதுங்க. பச்சைன்னா சரின்னு அர்த்தமுங்க."

"கூரைமேல காப்பி வெளையும்னு உங்க கம்ப்யூட்டர் நம்புதா தம்பி?"

"காட்ட அழிச்சு வெச்ச காப்பியான்னு மட்டும்தானுங்க அது பாக்குது. வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் கேக்கறாங்க. கூரைல காடு இல்லீங்களே."

திருத்தியே ஆக வேண்டும் என்றேன். மாதக் கடைசியில் பட்டியலை மூடிவிடுவார்களாம். பட்டியலில் இல்லாதவர் காப்பியை இந்த வருஷம் கம்பெனி எடுக்காது. அதற்குள் வரச் சொன்னேன்.

ஜனவரி 8, வியாழன்

வெயில். எல்லையை நானே போனில் குறித்தேன்.

1. பெரிய பலா
2. பிளந்த பாறை
3. ஊற்று
4. சுப்பையா மச்சான் வேலி முனை

ஒவ்வொன்றிலும் நின்று, போன் காட்டிய எண்ணை நோட்டில் ஏற்றினேன். முதல் எண் தெற்கு வடக்கு, அடுத்தது மேற்கு கிழக்கு. இது பிடிபட இரண்டு நாள். யாரும் சொல்லித்தரவில்லை. பத்தடி நடந்தால் கடைசி எண் மாறுகிறது, நின்றால் நிற்கிறது. நம்பலாம் போலிருக்கிறது.

பிளந்த பாறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். மலர் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கப் படித்தது இதன்மேல்தான். புத்தகம் வைத்த இடத்தில் இப்போது பாசி.

ஊற்றில் தண்ணீர் முழங்கால் அளவு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தை எல்லாம் வெட்டிப்போட்டு மொட்டையாகத் தேயிலை வைத்தவர்கள் மாசியிலேயே லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். நான் ஒரு மரம் வெட்டவில்லை. பாதி முன்பே இருந்தது, பாதி நான் வைத்தது. காப்பிச் செடி எல்லாம் நிழலில்.

சாப்பிடும்போது செல்லம்மா: "பாயிண்டு பாயிண்டுன்னு அலையிறீங்க. ஒரு தடவ வந்துட்டுப் போம்மான்னு வாயத் தொறந்து கேக்க மாட்டேங்கிறீங்க."

கேட்டால் மலர் லீவு இல்லை என்பாள். இல்லை என்ற சொல் அவள் வாயிலிருந்து எனக்கு வேண்டாம்.

ஜனவரி 9, வெள்ளி

பிரதீப் வந்தார். பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார், அதற்காக ஒரு மார்க். நான்கு முனையும் காட்டினேன். என் நோட்டு எண்ணும் அவர் போன் எண்ணும் ஒன்று. "நீங்களே பாத்துட்டீங்களாக்கும்" என்றார்.

களத்தில் உட்கார்ந்து நான்கையும் ஏற்றினார். சிவப்பு. மறுபடி ஏற்றினார். மறுபடி சிவப்பு. கம்ப்யூட்டர் 'காடு' என்கிறது. காட்டுக்குள் காப்பி, ஆகவே எடுக்கக் கூடாது.

"மேலிருந்து பாத்தா மரத் தலைதானுங்க தெரியுது. அடியில காப்பி இருக்கறது அதுக்குத் தெரியாதுங்க."

"அந்தப் பக்கம் மொட்டையா வெட்டிப் போட்டவனுக்கு?"

"வெட்டி ரொம்ப வருசமாச்சுங்களே, சமீபத்துல வெட்டுனதைத்தானுங்க அது பாக்குது. அங்க பச்சைங்க."

மரத்தை வெட்டினவன் பச்சை. வைத்தவன் சிவப்பு.

பிரதீப் கொஞ்ச நேரம் காப்பியைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு, "ஐயா, பேசாம பழைய பாயிண்டையே போட்டுடறேனுங்க. யாருக்கும் தெரியாதுங்க."

மாட்டேன் என்றேன். சிவப்போ கருப்போ, என் தோட்டம் என் தோட்டம் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

செல்லம்மா அவருக்கு அவல் கொடுத்தாள். எனக்குக் கொடுக்க மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மலர் கூப்பிட்டாள். சரியான எண்களைக் காலையிலேயே அனுப்பியிருந்தேன். போனை நடுவில் வைத்துச் சத்தமாக வைத்தோம்.

"ஒரே மரமாத்தான்ப்பா இருக்கு. வீட்டையே காணோம்."

"வீடு பலாவுக்கு அடியில. தெரியாது."

"இருங்க, இருங்க. நடுவுல சின்னதா நீலமா ஒண்ணு தெரியுது. தார்ப்பாயா அது?"

இப்போது எங்களிடம் தார்ப்பாய் இல்லை. சிமெண்டுக் களம் போட்டு ஐந்து வருஷம், அவள் அனுப்பிய முதல் சம்பளத்தில் போட்டது. என் போனில் திறந்து விரித்துப் பார்த்தேன். களம் இல்லை. நீலம்தான்.

செல்லம்மா சொன்னாள்: "ஏன் புள்ள, நீ கெளம்புன வருசம் நீல தார்ப்பாய்தான வாங்குனோம்? அதுக்கு முன்னாடி பச்சை."

நீலத் தார்ப்பாய் ஒரே ஒரு வருஷம். அந்தத் தை மாதம் மலர் படிப்பை முடித்து விசாவுக்காக வீட்டில் காத்திருந்தாள். தினமும் காப்பி கிளறியது அவள்தான், காலால் சால் ஓட்டுவது போலத் தள்ளிக்கொண்டே போவாள். எனக்கு அந்த வருஷம் களத்து வேலையே இல்லை.

வானத்திலிருந்து இந்தப் படம் எடுத்த நாளில் அவள் அங்கே இருந்திருக்கிறாள். தார்ப்பாயின் ஓரத்தில், அல்லது பலா அடியில் செல்லம்மாவோடு வாயாடிக்கொண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஆள் தெரியவில்லை. நீலம் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது.

"சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. சளியாகவும் இருக்கலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

காற்று. காப்பியைச் சாக்கால் மூடி வைத்தேன்.

டீக்கடையில் சண்டை. என் சிவப்பைப் பார்த்த கம்பெனி, பதினேழு பேர் பாயிண்டையும் பார்க்கப் போகிறதாம். செல்லம்மாவின் தம்பி சுப்பையா எழுந்து நின்றே பேசினான்.

"மச்சான், உங்க வீம்புக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா? அவன் கூரையில வச்சா வச்சுட்டுப் போறான். காசு நம்ம கையில வருதில்ல?"

"நாளைக்கு எவனாவது வந்து உன் தோட்டம் எதுன்னு கேட்டா, பாப்பச்சன் கூரையக் காட்டுவியா?"

"எவன் வரப்போறான்?"

"வரணும். வந்து பாக்கணும்னுதான் சொல்றேன்."

"நீங்க கம்பெனிக்காரனச் சொல்றீங்களா, மலரச் சொல்றீங்களா?"

பாப்பச்சன் தேவையே இல்லாமல் ஒரு கிளாஸைக் கழுவினான். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் கேட்டது தப்பில்லை. கேட்ட இடம் தப்பு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சர்க்கரை அதிகம். சுப்பையா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. செல்லம்மா மட்டும் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிரதீப் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். நல்ல பிள்ளைதான், அட்டைக்குப் பயந்ததைத் தவிர. மேலே பேசியிருக்கிறார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, கம்பெனி ஆள் நேரில் வந்து நடந்து பார்த்து, மர நிழலில் வளர்த்த காப்பி என்று எழுதிக் கொடுப்பது. பதினேழு தோட்டத்துக்கும் நடக்க வேண்டும், நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். இரண்டு, சின்ன விமானம் மாதிரி ஒன்றை விட்டு இன்றைய தேதியில் புதுப் படம் எடுத்து, பழையதை நீக்கிப் போடுவது. இரண்டாவது சுலபம், ஒரே நாளில் முடியும் என்றார்.

முதலாவது என்றேன்.

"ஏனுங்க ஐயா? அதுக்கு ரொம்ப நடக்கணுமுங்க."

"நடக்கட்டும். மரமும் காப்பியும் சேந்து நிக்கிறத நடந்தாத்தான் பாக்க முடியும். பழைய படத்துலயும் இதே மரம்தான் நிக்குது, நான் வெட்டலங்கறதுக்கு அதுதான் சாட்சி."

சொன்னது முழுக்க உண்மை. சொல்லாதது ஒன்று இருக்கிறது, அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 17, சனி

மேகம், மழை இல்லை. கடிதம் எழுதியாகிவிட்டது, இரண்டு பக்கம். பன்னிரண்டு கையெழுத்து வந்துவிட்டது. சாயங்காலம் சுப்பையா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பேனா இருக்கா மச்சான்?" என்றான். கொடுத்தேன். போட்டான். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

இனி ஆக வேண்டியது:

மீதி நான்கு கையெழுத்து: சுப்பையா. அவன் கேட்டால் போடுவார்கள், நான் கேட்டால் சண்டை.

கடிதத்தைக் கம்பெனியில் நேரில் கொடுத்து, வாங்கியதற்குச் சீட்டு வாங்குவது: பிரதீப். திங்கட்கிழமை.

பதினேழு தோட்டத்தையும் நடந்து பார்ப்பது: கம்பெனி மேனேஜர். டீக்கடையில் உட்காரக் கூடாது.

அவர் வந்தால் தேத்தண்ணியைத் தோட்டத்துக்கே அனுப்புவது: பாப்பச்சன். ஒத்துக்கொண்டான்.

ஊற்றுக்குப் போகும் வழியில் உண்ணிச் செடி வெட்டுவது, பாறையில் பாசி சுரண்டுவது: நான்.

வானத்திலிருந்து படம் எடுக்கிறவர்கள்: ஒன்றும் செய்ய வேண்டாம். இருக்கிற படம் இருக்கட்டும்.

நாளை ஞாயிறு. போன் அடித்தால் எடுப்பது: நான். செல்லம்மா இல்லை.