நரகத்தில் வரைந்த முகம்

குத்தாலம்
22.1.1969

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய மாணவன் அரசப்பன், உங்கள் வயலில் கூலி உயர்வு கேட்டவர்களின் சங்கச் சுவரில் நரகத்தை வரைந்து அதில் உங்கள் முகத்தை வைத்தது தப்பென்றே இருக்கட்டும். "எவன்டா இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று களத்தில் வைத்துக் கேட்டீர்கள். அவன் வாயே திறக்கவில்லை. வைக்கோல்போர் பக்கம் நின்ற நானும் திறக்கவில்லை. "வலது கை" என்று ஆட்களிடம் சொன்னீர்கள், பம்புசெட்டை நிறுத்தச் சொல்வதுபோல. உலக்கை இறங்கியது.

சொல்லிக்கொடுத்தது நான்தான் அண்ணா. டிராயிங் வகுப்பில் மைக்கேலாஞ்சலோவின் கதையைச் சொன்னேன். தன் ஓவியத்தைப் பழித்த அதிகாரி ஒருவரை அவர் நரகத்தில் கழுதைக் காதோடு வரைந்துவிட்டார். அந்த ஆள் போப்பிடம் போய் அழுதார். "நரகத்தில் எனக்கு அதிகாரம் இல்லையப்பா" என்று போப் கைவிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது.

நேற்று ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையோடு அரசப்பன் கேட்டான்: "சார், அந்த அதிகாரிகிட்ட அடியாளுங்க இல்லையா?"

நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பார்த்ததை உங்கள் பெயரோடு சொல்வேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி