விற்க இருந்த வேன்

வியாழன் இரவு, ரஜப் பிறை ஒன்பது.

எங்கள் பழைய வேனை வாங்கிப்போக நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தார். அதற்குள் ரேடியேட்டர் ஒழுகுவதை நிறுத்திவிட வேண்டுமென்று என் கணவர் காலையிலிருந்தே முற்றத்தில் கிடந்தார். வெடித்த ஹோஸைக் கழற்றிப் புதிது மாட்டிய கையோடு, குசினியிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துவந்து ஊற்றினார்.

"மகள்ட வாப்பா, அது ராத்தா மக்காவுக்கு உம்றா போய்க் கொண்டந்த ஸம்ஸம் தண்ணி."

"பிஸ்மி சொல்லித்தான் புள்ள ஊத்தின," என்றார். கோபப்பட வந்தவள் சிரித்துவிட்டேன்.

எஞ்சினை ஓடவிட்டு இருவரும் முன் சீற்றில் ஏறி இருந்தோம். மூன்று பிள்ளைகளையும் பெற்று, மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது அந்த சீற்றில்தான். மூத்தவளுக்குப் பால் கொடுக்கவென்று இவர் ஜன்னலில் கட்டிய திரைக் கம்பி இன்னும் இருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தேன். கீழே ஒரு சொட்டும் விழவில்லை. இனி விற்க வேண்டியதுதான் என்று நினைத்தும் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"தம்பி, வராதீங்க. இன்னம் ஒழுகுதுதான்."

பச்சைப் பொய். பக்கத்தில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. இஷா தொழுதுவிட்டு இருவருக்குமாகப் பாவமன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து விடியற்காலை சுபஹுத் தொழுகையில் கேட்க வேண்டும்.